தனியாகப் போனவன்

12 நவம்பர் 1973, திங்கள்

ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு இடத்தில் கூப்பிட்டால் எது அவன் போகவேண்டிய இடம்? எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கேள்வி வீட்டில் வந்திருக்கிறது.

சனியிலிருந்து மழை. கொளவாய் ஏரி ரயில் பாதை வரை தளும்புகிறது. ஒன்பதாம் வகுப்புக் கூரை ஒழுகி, பிள்ளைகள் பெஞ்சுகளை ஒரு மூலைக்கு நகர்த்திக்கொண்டார்கள். மண்ணெண்ணெய் இன்றும் இல்லை.

பின்னறைக் கொடியில் தம்பி சேகரனின் காக்கிச் சட்டை, பக்கத்தில் பச்சைச் சட்டை. இரண்டும் ஈரம். எதையும் எடுக்க முடியவில்லை.

ஆசிரியர் அறையில் புது அறிவியல் டீச்சர் கேட்டார், தம்பி என்ன வேலை என்று. கடலோர ஸ்டேஷன் ஒன்றில் சப்-இன்ஸ்பெக்டர். பகுதிநேரமாக ராணுவம், பெங்களூரில் பாராசூட் பிரிவு. போலீஸில் சேர்வதற்கு முன்பே அதில் எழுதிக்கொடுத்தான், இன்னும் விடவில்லை. வருஷத்துக்கு ஒரு கேம்ப். 71 சண்டைக்குக் கூப்பிட்டார்கள், போனான். அந்தப் பிரிவின் வேலை, இருட்டில் சத்தமில்லாமல் இறங்கி, காரியத்தை முடித்து, சத்தமில்லாமல் திரும்புவது. சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. "ரெண்டு சம்பளமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டவர் படாளத்திலிருந்து பெண் கொடுக்க வந்தவர். "எந்தச் சட்டையில போனா பென்ஷன் வரும்ங்க?" சேகரன் சிரித்தான். அதோடு அந்தச் சம்பந்தம் நின்றது. அவனுக்கும் முப்பத்தெட்டு ஆகிறது.

இப்போது சிக்கல், வருகிற 21-ஆம் தேதி. காலை அணிவகுப்பில் நிற்க வேண்டும், பெங்களூரில். அதே காலை செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சி, இங்கே. மீன் விற்கிற தெய்வானையின் கேஸ்.

13, செவ்வாய்

காலையில் கொஞ்சம் விட்டது. தெய்வானை முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். கூடையை இறக்கும்போதே குரல்.

"இன்னா டீச்சரம்மா, கதவ சாத்திகினு கீற? சங்கரா கீது, பாரு. மழைல எவனும் கடலுக்குப் போவல, இது கரையாண்ட வல போட்டு புடிச்சது."

ஒரு கூறு வாங்கினேன். வழக்கம்போல் ஒன்று கூடுதலாக வைத்தாள். வேண்டாம் என்றேன்.

"வெச்சிக்கம்மா. உன்கிட்ட இன்னா கணக்கு? நம்ம சாரு அன்னிக்கி தண்ணில எறங்கலன்னா அந்தக் கத்தி கெடச்சிருக்குமா?"

போன வருஷம் இதே மழையில்தான் அவள் புருஷன் ஏகாம்பரத்தைக் கரையில் வெட்டிப் போட்டார்கள். படகு முதலாளி ஒருவன் ராத்திரியில் கடத்தல் சரக்கு இறக்கக் கூப்பிட்டிருக்கிறான். ஏகாம்பரம் மாட்டேன் என்றதோடு நிற்காமல் அதை ஊரில் சொல்லியும்விட்டான். வெட்டியதைப் பார்த்தவர்கள் உண்டு. சொல்லுகிறவர்கள் இல்லை. மிச்சம் இருப்பது கத்தி ஒன்று, சுறா அறுக்கிற கத்தி. பிடியில் முதலாளியின் அடையாளம் சூடு போட்டிருக்கிறது.

"சாரு வருவாரு இல்ல, கோர்ட்டுக்கு?"

வருவான் என்றேன். தெரியாமல்தான் சொன்னேன்.

15, வியாழன்

சேகரன் ராத்திரி வந்தான். சாப்பிட்டான். ரசத்துக்கு உப்பு இல்லை, அவன் சொல்லவில்லை, நான் சாப்பிடும்போதுதான் தெரிந்தது. காலையில் எழுந்தால் அவன் போர்வை செங்கல் மாதிரி மடித்து வைத்திருக்கிறது. கிணற்றடியில் தண்டால்.

"அக்கா, என் விசில் பாத்தியா?"

"எந்தச் சட்டையில வெச்ச?"

"காக்கில."

பச்சையில் இருந்தது.

போன வருஷம் கத்தி எடுத்த அன்றைய விடியலை இங்கே எழுதி வைக்கிறேன், வேறெங்கும் சொல்ல முடியாது என்பதால். பிடிபட்ட முதலாளி நடுராத்திரியில், கத்தியை முகத்துவாரத்தில் எறிந்ததாக ஒப்புக்கொண்டான். போலீஸிடம் ஒப்புக்கொண்டது மட்டும் கோர்ட்டில் செல்லாது, கத்தி வேண்டும். மழை வெள்ளம் கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. விடிந்தால் கத்தி இருக்காது. சே. யாரையும் எழுப்பவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். எத்தனை முறை மூழ்கினான் என்று சொல்லவில்லை. விடிந்த பிறகு ஜீப்பில் இங்கே வந்தான், மாற்றுத் துணிக்கு. உதடு நீலம், முழங்கையில் சிப்பி கிழித்த கீறல். ஒரு பரிசு வாங்கி வந்த பையன் மாதிரி முகம். "கெடச்சுதுக்கா."

அவனுக்குக் காபி போட்டேன். சட்டம் படித்தவள் இல்லை நான். ஆனாலும் அப்போதே கேட்டேன், "கூட யாரு இருந்தா?" முகம் மாறியது. ஊர்க்காரர் இருவர் முன்னால் எடுத்து, அங்கேயே எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். மகஜர் என்பது அதுதான். பத்து மணிக்கு டீக்கடைக்காரரையும் சைக்கிள் கடைக்காரரையும் ஸ்டேஷனுக்கு அழைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். இருவரும் கரையில் நின்று பார்த்ததாக எழுதிய தாளில். கீழே சே.யின் கையெழுத்தும்.

ராணுவத்தில் யாரும் பார்க்காமல் செய்தால் கெட்டிக்காரன். போலீஸில் யாரும் பார்க்காமல் செய்தது நடக்கவே இல்லை. பதினாறு வருஷமாக இரண்டிலும் இருக்கிறான், அன்றைக்கு ஒன்று மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது.

17, சனி

அரைநாள் பள்ளி. விடைத்தாள் கட்டு வந்தது. அசோகர் போரை விட்ட காரணம் என்ன? "களைத்துப் போனதால்" என்று ஒருத்தி. மதிப்பெண் கொடுத்தேன்.

மத்தியானம் ஏட்டு முனுசாமி. சே. இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறார். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, நாற்காலி நுனியில்.

"டீச்சரம்மா, அய்யாகிட்ட நீங்கதான் சொல்லணும். எங்க பேச்ச கேக்கறதுல்ல."

"என்ன சொல்லணும்?"

"கேம்புக்குப் போயிடச் சொல்லுங்க. அவ்ளோதான். இன்ஸ்பெக்டரு சொல்லிட்டாரு, 'கத்தி எடுக்கச் சொல்லோ நானே கரையில நின்னேன், அத நானே சொல்லிக்கிறேன்'னு. டீக்கடையும் சைக்கிள் கடையும் ரெடி. அய்யா இல்லன்னா ஒரு பேஜாரும் இல்ல."

"அவன் வந்தா?"

ஏட்டு தலையைச் சொறிந்தார். "அய்யா நல்லவருங்க. மேலேர்ந்து குதிப்பாரு, தண்ணிக்கடில முழுவுவாரு. நடுவுல நாலு பேர இட்டுகினு ரோட்ல நடந்து போறதுதான் நம்ம வேல, அது மட்டும் அவருக்கு வராது. கூண்டுல ஏறி தனியாதான் போனேன்னு சொன்னாருன்னு வையுங்க, கேஸு பூடும். அவரு தொப்பியும் பூடும். என் தொப்பியும்."

காபி கொடுத்தேன். "சக்கர ஜாஸ்தி கீதும்மா" என்றார், ஆனால் குடித்தார். ரேஷனில் சர்க்கரை எப்படி வாங்கினேன் என்று விசாரித்தார்.

18, ஞாயிறு

மழை இல்லை. வெயிலும் இல்லை. கொடியில் துணி ஊறிய நாற்றம்.

சே.யிடம் பேசினேன். இங்கே வார்த்தைக்கு வார்த்தை.

"கேம்புக்குப் போயிடுடா."

"ஏட்டு வந்தாரா?"

"வந்தார். அவர் சொல்றதுக்காகச் சொல்லல."

"நான் போனா இன்ஸ்பெக்டர் பொய் சொல்வாரு. அந்த முதலாளி உள்ள போவான்."

"அவன்தானே வெட்டினான்?"

"அவன்தான்."

"அப்புறம் என்ன?"

பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே இருந்தான், ஏற்கெனவே பளபளத்ததற்கு.

"என் கையெழுத்து இருக்குக்கா அதுல. நான் போட்டது."

"அதுக்குத்தான் போகச் சொல்றேன். நீ அங்க இல்லைன்னா உன்னை யாரும் கேக்கமாட்டாங்க. பெங்களூர்ல இருக்கறது குத்தமா? அதுவும் உன் கடமைதானே?"

"கடமைதான்" என்றான். அந்த வார்த்தையை அவன் சொன்னவிதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொன்னவிதமும்.

பொய் சொல்லாதே என்று இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகைக்கு முன் நின்று சொல்லுகிறவள். யாருக்காக இப்படிப் பேசினேன்? தெய்வானைக்காக என்று எழுதலாம். அவன் வேலைக்காக என்பதும் உண்மை. வேலை போனால் இந்த வீட்டில் அவன் என்ன செய்வான், அந்தப் போர்வையை மடித்துக்கொண்டு.

20, செவ்வாய்

கேம்ப் பை. பச்சைச் சட்டை இரண்டு (ஒன்று ஈரம், காகிதத்தில் சுற்றி). பூட்ஸ். கம்பளி. சவரச் சாமான். ஊறுகாய் பாட்டில், நான் வைத்தது. விசில் இந்த முறை வேண்டாம் என்று எடுத்து மேஜையில் வைத்தான்.

சாயங்காலம் காஞ்சிபுரம் பஸ், அங்கிருந்து பெங்களூர். கிளம்பும்போது, "காக்கி கொடியிலேயே இருக்கட்டும்க்கா" என்றான். வாசலில் நின்று பார்த்தேன். தெருமுனையில் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை, எப்போதும்.

போய்விட்டான். நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறான். நிம்மதி வரவில்லை. நாளை அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதற்குக் கோர்ட்டுக்குப் போகிறேன்? தெய்வானையிடம் வருவான் என்று சொன்னதற்கு, வரவில்லை என்று சொல்ல.

பல் வலி, இடது கடைவாய். கிராம்பு.

21, புதன்

விடியும் முன் கதவு. சே. தோளில் பை, தலை நனைந்து.

"காஞ்சிபுரத்துல பெங்களூர் வண்டி நின்னுச்சு. ஏறல."

அவ்வளவுதான் சொன்னான். பஸ் ஸ்டாண்டிலேயே இரவு உட்கார்ந்திருக்கிறான். இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டேன். காக்கியிலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருந்தது, காயவில்லை. ஈரத்தோடுதான் போட்டுக்கொண்டான். காலர் கழுத்தில் ஒட்டியிருந்தது.

கோர்ட். வராந்தாவில் தெய்வானை, குப்பத்துப் பெண்கள் நான்கைந்து பேர். சே.யைப் பார்த்ததும் அவள் கை தானாகக் குவிந்தது. இன்ஸ்பெக்டர் சே.யைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார், மறுபடி சே.யைப் பார்த்தார். ஏட்டு சுவரைப் பார்த்தார்.

டவாலிச் சேவகன் பெயரைக் கூப்பிட்டான். முதல் கூப்பிடுதலுக்கே சே. கூண்டில் ஏறினான்.

அரசு வக்கீல் மகஜரைக் காட்டி, சாட்சிகள் முன்னிலையில் எடுத்ததுதானே என்றார். பதில், "இல்லைங்க, நான் மட்டும்தான் போனேன்." வக்கீல் கேள்வியைத் திருப்பிக் கேட்டார், அவன் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறான் என்று நினைத்தவர் மாதிரி. அதே பதில்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதிக வேலை இல்லை.

"கையெழுத்துகள் எங்கே வாங்கினது?"

"ஸ்டேஷன்ல. விடிஞ்சப்புறம், பத்து மணிக்கு."

"அப்படின்னா அந்தக் கத்தி தண்ணியில இருந்ததா, உங்க பையில இருந்ததான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

சிரித்தார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருவர் "சபாஷ்" என்றார். நீதிபதி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார். கூண்டில் நின்றிருந்த முதலாளி தன் வக்கீலைப் பார்த்துத் தலையசைத்தான், கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததற்குத் தலையசைப்பதுபோல.

தீர்ப்பு பிறகு. ஆனால் வராந்தாவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெய்வானைக்கு யாரோ விளக்கிச் சொன்னார்கள். அவள் அழவில்லை. புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள், எங்கள் பக்கம் பார்க்காமல்.

மாலைக்குள் சே.யை ஸ்டேஷனுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், உத்தரவு பின்னால் வருமாம். பெங்களூரிலும் இன்று பெயர் படித்திருப்பார்கள். இரண்டு இடத்திலும் இப்போது ஆள் இல்லை.

நாளை தெய்வானை வரமாட்டாள். வந்தால் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுவாள். சே.யை வெளியே வராதே என்று சொல்லியிருக்கிறேன்.

22, வியாழன்

வெயில். வந்தாள்.

வழக்கமான நேரம், வழக்கமான குரல் மட்டும் இல்லை. கூடையை இறக்கிவிட்டு நின்றாள். நான் பாத்திரம் எடுக்கத் திரும்பியபோது சே. வெளியே வந்துவிட்டான். பனியனோடு, கையில் பல்பொடி.

திட்டவில்லை. "நைனா, ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளும்மா."

"அன்னிக்கி நைட்டு முகத்துவாரத்துக்கு எந்த வழியா போன?"

"குப்பத்து வழியாத்தான்."

"எங்க வூட்டாண்டதான போயிருப்ப?"

"ஆமா."

"பொணத்த ஆஸ்பத்திரில வெச்சிருந்தாங்கோ. நாங்க ஒருத்தரும் தூங்கல நைனா. குப்பமே முழிச்சிகினு குந்திகினு இருந்தோம், இருட்டுல. ஒரு கொரலு குடுத்திருக்கக் கூடாதா? நூறு பேரு பின்னாலயே வந்திருப்போமே."

சே.யின் கையிலிருந்து பல்பொடி கொட்டிக்கொண்டே இருந்தது.

"நீங்க முழிச்சிருந்தது எனக்குத் தெரியும்மா" என்றான். "சத்தம் வராம தாண்டிப் போனேன்."

அவள் கூடைக்கு மேல் இருந்த சாக்கை விலக்கினாள்.

சங்கரா ஒரு கூறு வாங்கினேன். காசை எண்ணி வாங்கிக்கொண்டாள். கூடுதலாக ஒன்று வைக்கவில்லை.