பதினேழாவது பெயர்

அன்புத் தோழிக்கு,

என் எண்ணை நீ பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் கடிதம்.

நம் லேடிஸ்மித் ஆலை முதலில் அறுபத்திரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தப் போவதாகத்தான் சங்கத்துக்கு எழுதியது. சட்டப்படி எங்களோடு கலந்து பேச வேண்டும் என்பதால், சங்கத்தின் சார்பில் நான்கு முறை போய் உட்கார்ந்தேன். எல்லாருக்கும் வாரத்தில் நான்கு நாள் வேலை போதும் என்றோம். ஒப்புக்கொண்டார்கள். அறுபத்திரண்டு பதினேழானது. மேற்பார்வையாளர் தனக்கு வேண்டாதவர்களைக் கழித்துவிடக் கூடாதே என்று, கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் போகட்டும் என்று கேட்டது நான்தான்.

பேச்சை நடத்திவைத்த நடுவர், போகவேண்டியவர்களின் பட்டியலை நீட்டினார். "இதுல இருக்கிற எல்லாரையும் தெரியுமாம்மா?"

"தெரியும்" என்று கையெழுத்துப் போட்டேன். பதினேழாவதாக உன் பெயர். குழந்தைக்காக வேலையை விட்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தவள் நீ. பழைய ஒன்பது வருடங்கள் கணக்கில் வராது என்பது எனக்கு முன்பே தெரியும்.

"நீதாங்க்கா எங்களக் காப்பாத்துன" என்று வேலை தப்பிய ஃபிகிலே என்னைக் கட்டிக்கொண்டாள். மதியம் அவர்கள் சாப்பிடக் கூப்பிட்டாலும் போகப் பிடிக்கவில்லை. சோளக்களியைத் தனியாகவே தின்கிறேன்.

மறுபடி ஆள் எடுத்தால் நிறுத்தியவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுத வைத்திருந்தேன். இப்போது ஓர் இடம் காலி. பதினேழு பேரில் சர்வீஸில் மூத்தவள் நீ. ஆலையிலிருந்து இரண்டு முறை போனில் கூப்பிட்டார்களாம், நீ எடுக்கவில்லையாம். வெள்ளிக்கிழமை தாண்டினால் அடுத்தவளுக்குப் போய்விடும்.

என்னோடு பேச வேண்டாம். அவர்களோடு பேசு.

இப்படிக்கு,
உன் பக்கத்து மெஷின்காரி