சத்திரக்காரனின் நீளப் பேச்சு

அந்தச் சாக்கு அங்கியை இன்று பெட்டியிலிருந்து எடுத்தேன். இத்தனை வருடம் ஆகியும் தேயிலைத் தூள் வாசம் போகவில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் சத்திரக்காரன் வேஷத்துக்காக ஃபேக்டரிச் சாக்கைப் பிரித்து நீயே தைத்தது. இந்த வருடமும் நம் சர்ச்சில் உன் நாடகம்தான், சத்திரக்காரன் நான்தான்.

தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம் அது. குன்னூரில் ஃபேக்டரி வாசலில் இலை எடை போடுகிற வேலை உனக்கு. முதலாளி உள்ளேயே இருந்துகொள்வார். மூட்டையோடு வந்த சிறு விவசாயிகளிடம், "இன்னைக்கு இலை எடுக்கறதில்லீங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியவன் நீ. பறித்த இலை மறுநாள் வரை தாங்குமா? ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த டிசம்பரில்தான் நீ நாடகம் எழுதினாய். யோசேப்பும் நிறைமாத மரியாளும் வந்து கதவைத் தட்டுகிறார்கள். சத்திரக்காரன் "இடமில்லை" என்றால் போதும். நீயோ அவனுக்கு ஒரு பக்கப் பேச்சு எழுதி வைத்திருந்தாய். பச்சை இலை விலையில் ஆரம்பித்து, "நான் முதலாளி இல்லீங்க, கதவச் சாத்தறதுக்குச் சம்பளம் வாங்கறவன்" என்று முடியும். எனக்கு வந்ததே கோபம்.

"ஏப்பா, பெத்லகேம்ல ஏது தேயிலை? நல்ல கதையக் கெடுக்கறயே!"

"ஃபேக்டரில வாயத் தொறந்தா வேலை போயிரும். ஊட்டுல தொறந்தா அவ அழுவா. சத்திரக்காரன் வாய்லயாச்சும் பேசிக்கறேன், உடுப்பா."

பேசினேன். நீ திருப்பி அனுப்பியவர்களே எதிரில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை, எழுந்து போகவும் இல்லை. திரைக்குப் பின்னால் நீ முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாய்.

பிறகு ஃபேக்டரியும் மூடியது. பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போன நீ, சவப்பெட்டியில்தான் திரும்பி வந்தாய்.

நேற்று ஒத்திகை பார்க்க வந்த புதுப் போதகர், "அந்தப் பேச்சு கதையோட ஒட்டலீங்களே, எடுத்துருங்க" என்றார். அன்று நான் சொன்னதும் அதுதானே. எந்த வாயால் வாதாடுவேன்? எடுத்துவிட்டார்கள்.

இன்று ஒத்திகையில் நான் "இடமில்லை" என்றதும் மரியாள் வேஷக்காரப் பெண் நகராமல் நின்றாள். உன் பேச்சைக் கேட்டுப் பழகியவள்.

"அவ்வளவுதானுங்களா, மாமா?"

"அவ்வளவுதான் கண்ணு."

நாடகம் இப்போது கச்சிதமாகத்தான் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு, அதன் பின்னால் நின்று உன் பேச்சை ஒரு வரி விடாமல் எனக்குள்ளேயே சொல்கிறேன். முடிப்பதற்குள் அவர்கள் தொழுவத்துக்குப் போய்விடுகிறார்கள்.