சுமிக்கு மூத்திரம் வரவில்லை

ஆகஸ்ட் 12, செவ்வாய். காலை 6.10. மூத்திரம் 20 மி.லி.

ராத்திரி முழுக்க அவ்வளவுதான். கடுங்காப்பி நிறம். வெளியே சாரல்.

சுமி, ஏழு வயது. அப்பா அம்மா ஜார்க்கண்டிலிருந்து போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்கு வந்தவர்கள். ஊருக்குப் போய்த் திரும்பியதும் காய்ச்சல். 'சூடு' என்று தலையில் விளக்கெண்ணெய் வைத்தே நாளைக் கடத்தியிருக்கிறார்கள். மலேரியா. ஊசியில் கிருமி போய்விட்டது, கிட்னி திரும்பவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் 5.6. இன்னும் கூடினால் இதயம் நிற்கும். எங்கள் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து மதுரைக்கு அனுப்பினால் வழியில் தாங்காது என்கிறார் டாக்டர். சின்னப் பிள்ளைக்கான டயாலிசிஸ் ஃபில்டர் அங்கிருந்து நாளை வருமாம். நாளை! டயாலிசிஸ் மிஷினைப் பார்த்துக்கொள்பவன் நான்; போனில் கத்தினேன்.

மாலை. கூட்டி வந்த ஜீப் டிரைவர் செல்வம் அண்ணன் இன்னும் போகவில்லை. லோடு போச்சு, கவலையில்லை அவருக்கு.

"ஏ ஆத்தா, வெரசா ஒண்ணுக்குப் போ. ஒன்னைய டிரைவராக்கிர்றேன்."

சுமிக்குப் பாதி புரிந்திருக்கும். "பாம் பாம்" என்றாள்.

ஆகஸ்ட் 13, புதன்.

நல்ல வெயில். பொட்டாசியம் 7.4. எப்படி? கட்டிலுக்கடியில் குடித்துப் போட்ட இளநீர்க் காய்கள்.

"யாரு குடுத்தது?"

"நாந்தான் தம்பி," என்றார் செல்வம் அண்ணன். "சூட்டுக்கு எளநி குடுத்தா மூத்திரம் பிரியும்ல? எம்புள்ளைக்கும் அதான் குடுப்பேன்."

"தண்ணி அளவாத்தான்னு சொன்னேன்ல?"

"தண்ணியா குடுத்தேன்? எளநி மருந்துல்ல!"

இளநீர் முழுக்கப் பொட்டாசியம். அவருக்கு எப்படித் தெரியும்.

டாக்டர் ஓடி வந்தார். ஊசிமேல் ஊசி. ஃபில்டர் பதினொன்றுக்கு வந்தது. மாட்டிக் குழாய் கழுவிக்கொண்டிருக்கும்போதே மானிட்டரில் இதயத் துடிப்பின் கோடு அகன்றது. பிறகு நேர்கோடு. மிஷின் தயாராக நின்றது.

அம்மா அழவில்லை. சுமியின் கவுனை முழங்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். தோட்டத்து லைன் வீடுகளில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றார் அப்பா.

வாசலில் செல்வம் அண்ணன். "எளநியாலயா தம்பி?"

"அப்புறம் பேசுவோம்ணே."

நாளை:

1. செல்வம் அண்ணன் ஜீப்பில், சுகாதார நர்சுடன் மேலே போவது.
2. லைனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்ப்பது. அந்த இரண்டு பேருக்கு முதலில்.
3. மூத்திரம் கறுத்தால் சூடு இல்லை, உடனே கீழே கொண்டுவாருங்கள் என்று சொல்வது. கத்தாமல்.
4. அண்ணனிடம் இளநீரைப் பற்றிச் சொல்வது. மலை இறங்கி, ஜீப்பை நிறுத்திய பிறகு. வளைவுகளில் வேண்டாம்.