சத்தமில்லாத மோட்டார்

அண்ணா,

அம்மா எழுந்துவிடுவாளோ என்று பயந்துகொண்டே போர்வைக்குள் எழுதுகிறேன்.

அப்பா நம் மீன்பிடிப் படகுக்கு பேட்டரி மோட்டார் வாங்கிவிட்டார். கடையில் விவரப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "படிச்ச மேதை, நீயே சொல்லு. சின்னதா, பெருசா?" என்றார். நீ விழுந்த நடு ஏரிவரை அவர் போய்விடக் கூடாதென்று, "சின்னதே போதும்பா" என்றேன்.

இப்போதுதான் மீதியைப் படித்தேன். எதிர்காற்று அடித்தால் சின்ன மோட்டாரால் நம் படகைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதைச் சொன்னால் பெரியதை வாங்கி இன்னும் தூரம் போவார்.

விடிந்ததும் கிளம்புகிறார். "பழைய இஞ்சின் சத்தத்துலதான் அன்னைக்குப் புள்ள கத்துனது கேக்கல. இது மூச்சே விடாது" என்று அம்மாவிடம் சொன்னார்.

நாளைக்கு அவரைக் கூப்பிட்டுவிடாதே, அண்ணா. இந்த முறை அவருக்குக் கேட்டுவிடும்.

உன் தங்கை