"உதவிப் பிரிவு" என்று கையொப்பமிட்டவனுக்கு

இன்று காலை சங்க அலுவலகத்தின் இரும்பு அடுக்கைத் துடைக்கும்போது அந்தப் பச்சைக் கோப்பு கைக்கு வந்தது. திறந்ததும் அச்சுமையின் மணம் எழுந்தது. கடற்கரை ஊரில் தாள்கள் உப்புக் காற்றைக் குடித்து நமுத்துப்போகும். மை மட்டும் மணத்தை விடுவதில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரே கையொப்பம்: "அன்புடன், பயனர் உதவிப் பிரிவு." ஒன்பது ஆண்டுகளாக நான் அச்சிட்டு அடுக்கிய மறுமொழிகள். அத்தனையும் நீ எழுதியவை. உன்னை அடக்கம் செய்து நாற்பது நாள் கழிந்த பின்னரே அது எனக்குத் தெரிந்தது.

நண்பா, மேடையில் எத்தனையோ பேரை நம்பவைத்து ஏமாற்றும் இரண்டகர் என்று நேருக்கு நேர் சாடியிருக்கிறேன். அந்தச் சொல்லை உனக்கு எதிரே நிறுத்தும் நாள் வரும் என்று எண்ணியதில்லை.

சங்கு குளிப்போர் சங்கத்துக்கு மின்னஞ்சல் வேண்டும் என்று மில்லர்புரத்தில் இருந்த உன் கணினிக் கடைக்கு நான் வந்த நாள் நினைவிருக்கிறதா? ஒரே வகுப்பில் தமிழ் படித்தவர்கள் நாம். நான் மேடைக்குப் போனேன். நீ கணினிக்குப் போனாய். ஊரே என்னை ஐயா என்றபோதும் நீ "வே" என்றுதான் அழைத்தாய். அன்று என்முன் மூன்று மென்பொருள்களை வைத்தாய். ஒன்று இணையத்திலேயே இயங்குவது. அதில் நம் மடல்கள் யாரோ ஒருவருடைய கிடங்கில் கிடக்கும். இன்னொன்று பெரிய அலுவலகங்கள் வாங்குவது. மூன்றாவது, பல நாட்டு ஆர்வலர்கள் கூடிச் செய்தது. வரும் மடலை நம் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொள்வது.

"மூணாவதை எடும்வே. உம்ம கடுதாசி உம்மகிட்டயே கெடக்கும்."

"அது ஓடுவது இருக்கட்டும். ஓடாமல் நின்றால் யாரைக் கேட்பது? எந்த மொழியில் கேட்பது?"

"இங்கிலீசுலதான் கேக்கணும். கேட்டா நல்லாத்தான் பதில் சொல்லுதான்."

"கேட்டால் தமிழில் மறுமொழி சொல்லாத கடவுளையே நான் கும்பிடுவதில்லை. பொறியையா கும்பிடுவேன்?"

"இது கடைவே, மேடை இல்ல. மெள்ளப் பேசும்."

இரண்டு நாள் கழித்து நீயே தொலைபேசியில் அழைத்தாய். "தமிழ்லயும் உதவி இருக்காம்வே. முகவரி அனுப்பியிருக்கேன். எது கேக்கணும்னாலும் அவனைக் கேளும், என்னைக் கேக்காதீரும். எனக்கு வேலை கெடக்கு." அந்தச் சொல்லை நம்பித்தான் மூன்றாவதைத் தேர்ந்தேன். மென்பொருளின் திறமையைப் பார்த்துத் தேர்ந்தவன் அல்லன் நான். கேட்டால் விடை வரும் என்ற ஒற்றை உறுதிக்காகத் தேர்ந்தேன். அந்த உறுதிதான் பொய்.

விடை வந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஒவ்வொரு மறுமொழியும் ஒரே வரியில் தொடங்கும்: "முதலில், உங்கள் திரையில் இப்போது என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்." ஒருமுறை, வந்த மடலெல்லாம் மறைந்துவிட்டன என்று சீற்றத்தோடு எழுதினேன். மறுமொழி அமைதியாக இருந்தது. மடல்கள் மறையவில்லை, நாள் வரிசை தலைகீழாகியிருக்கிறது, புதியவை அடியில் இருக்கும், பட்டியலின் தலைப்பை ஒருமுறை அழுத்துங்கள். அவ்வளவுதான். கேலி இல்லை, குத்தல் இல்லை. இதையே நீ நேரில் சொல்லியிருந்தால் கடைத்தெருவே கேட்டுச் சிரித்திருக்கும்.

அந்தப் பொறுமைக்கு மயங்கி, திரேஸ்புரக் கூட்டத்தில் முழங்கினேன். "எங்கோ பனி பெய்யும் நாட்டில் இருப்பவன், தமிழன் கேட்ட கேள்விக்குத் தமிழில் மறுமொழி எழுதுகிறான். இங்கே நம் வரியில் நடக்கும் அலுவலகம் நம் முறையீட்டுக்கு ஒரு வரி எழுத மறுக்கிறது." கைத்தட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. அதன் பின் எத்தனை மேடைகளில் அதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அன்று நீ கடைசி வரிசையில் தேநீர்க் குவளையோடு நின்றாய். இறங்கி வந்ததும் சொன்னாய்: "நல்லாத்தான் பேசுனீரு. அந்த வெள்ளைக்காரன் கேட்டா மயங்கி விழுந்துருவான்." நான் சிரித்தேன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று அறியாமல் சிரித்தேன்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. நமக்குள் பேச்சு முறிந்திருந்த ஒரு மழைக்காலத்தில் உதவிப் பிரிவுக்கு ஒரு முறையீடு எழுதினேன். இம்மென்பொருளைப் பொருத்தித் தந்த உள்ளூர்க் கடைக்காரர் பொறுப்பற்றவர், அழைத்தால் வருவதில்லை, கேலி பேசுவதே அவர் தொழில், வேறோர் ஆளைக் காட்டுங்கள் என்று. மறுநாள் வந்த மறுமொழி இதோ கோப்பில் இருக்கிறது. "உங்கள் மனத்தாங்கல் புரிகிறது. உங்கள் ஊரில் எங்களுக்கு வேறு ஆள் இல்லை. அவரையே சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்." அன்று மாலையே தேநீர்க் கடையில் என் அருகில் வந்து அமர்ந்து, "என்னவே, யார் மேல கோவம்?" என்று கேட்டாய். முகத்தில் ஒரு கோடு கூட அசையவில்லை. உன்னிடம் சொல்லத் துணியாததை யாரோ அயலானிடம் சொல்கிறேன் என்று நம்பியிருந்தேன். என் சொல்லை என்னிடமிருந்தே களவாடினாய்.

நீ நோயில் விழுந்த மாதங்களில் மறுமொழிகள் தாமதமாயின. கேட்டது ஒன்றிருக்க, வந்த மடல்கள் வேறொன்றை வற்புறுத்தின. சங்கக் கணினி பழையது, மடற்பெட்டியைத் தனி வட்டில் படியெடுத்து வையுங்கள், செய்முறை கீழே. நான் வெகுண்டு எழுதினேன்: "அறிவுரை வேண்டா, விடை வேண்டும். உங்கள் உதவியின் தரம் தாழ்ந்துவிட்டது." எழுதியதோடு நிற்கவில்லை. அதை அச்சிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, உன் கட்டில் அருகே நின்று, ஏற்ற இறக்கத்தோடு உனக்கே படித்துக் காட்டினேன்.

கண்களை மூடியபடி சொன்னாய்: "நல்லாக் கேட்டீரு. நாளைக்குப் பதில் வரும் பாரும்."

வந்தது. "தாமதத்துக்கு வருந்துகிறோம். படியெடுத்துவிட்டீர்களா?" இரண்டே வரிகள். நான் படியெடுக்கவில்லை.

நீ போன பின் சங்கத்துக்குப் புதுக் கணினி வந்தது. அதில் மென்பொருளை நிறுவித் திறந்தால் பெட்டி வெறுமையாக இருந்தது. அதே வாரத்தில்தான் சூசையின் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். சூசை சங்கு குளிப்பவர். ஆழத்தில் செவிப்பறை கிழிந்து இரு காதும் போனவர். அது தொழிலில் பட்ட ஊறு என்று ஏற்கும்படி நாம் முறையிட்டிருந்தோம். அம்முறையீடு உரிய காலத்தில் வரவேயில்லை என்றது தொழிலாளர் அலுவலகம். வந்தது என்று அவர்களே அனுப்பிய ஒப்புகை மடல் என் பெட்டியில் இருந்தது. பெட்டியோ திறந்தும் காலி. உதவிப் பிரிவுக்கு ஒன்றல்ல, மூன்று மடல் எழுதினேன். ஒன்றுக்கும் மறுமொழி இல்லை. ஒன்பது ஆண்டு மறுமொழி தந்தவர்கள் சூசைக்காகக் கேட்டபோது வாய் மூடிக்கொண்டார்களே என்று கொதித்தேன்.

நீ ஏதேனும் குறிப்பு விட்டுச் சென்றாயா என்று கேட்க, ஏரலில் தாய்வீட்டில் இருந்த உன் மனைவியைத் தேடிப் பேருந்தில் போனேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, உள்ளே போய் உன் மடிக்கணினியை எடுத்து வந்தார்.

"அண்ணே, உக்காருங்க. ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக்கூடாது. கம்பெனியும் இல்ல ஒண்ணும் இல்ல. அவுகதான்."

திரையில் என் மூன்று மடல்களும் திறக்கப்படாமல், தடித்த எழுத்தில் வரிசையாக நின்றன.

"நீங்க கேட்டதை இங்கிலீசுல தேடித் தேடிப் படிப்பாவ. பொறவு உங்களுக்காவத் தமிழ்ல எழுதுவாவ. ஆசுபத்திரியில இருந்துகூட எழுதினாவ."

"நேரில் சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"நானும் கேட்டேன். 'ஏளா, அந்த மனுசன் ஊருக்கெல்லாம் சொல்லுத ஆளு. எதுத்தாப்புல இருந்து ஒருத்தன் சொல்லிக் குடுத்தா அவருக்குப் பொறுக்காது. கடுதாசியா வந்தாக் கேப்பாரு'ன்னாவ."

திரும்பும் வழியெல்லாம் பனைகள் ஓடி மறைந்தன. என் சினம் மறையவில்லை. நீ பொய் சொன்னாய் என்பது ஒரு பங்கு. அப்பொய்யை என் வாயால் ஊர் ஊராகப் பரப்ப விட்டாய் என்பது அதனினும் பெரிய பங்கு. ஆனால் என்னைச் சுட்டது இவை இரண்டும் அல்ல. என்னைப் பற்றி நீ போட்டு வைத்திருந்த எடை. அது சரியான எடை. கடைசி வரிசையில் இருமுவது யார் என்று மேடையிலிருந்தே சொல்லும் செவி எனக்கு உண்டென்று செருக்கியிருந்தேன். ஒரே ஆசிரியரிடம் நாம் சேர்ந்து கற்ற தமிழ் ஒன்பது ஆண்டு என் கையில் தாளாக இருந்தும், அது உன் குரல் என்று என் செவி அறியவில்லை.

மறுநாள் பழைய கணினியை உயிர்ப்பித்தேன். கோப்பிலிருந்து, நான் வெகுண்டு ஒதுக்கிய அந்தச் செய்முறைத் தாளை எடுத்து முன்னே வைத்தேன். பழைய கணினியில் பெட்டி எங்கே இருக்கும், எதைப் படியெடுக்க வேண்டும், புதியதில் எங்கே வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தாய். ஓரிடத்தில் கை தயங்கியது. கேட்க ஆளில்லை. தாளைப் பார்த்தால் அவ்விடத்துக்கே நீ ஒரு வரி எழுதியிருந்தாய்: "இங்கே தவறினாலும் அஞ்ச வேண்டா, பழைய பெட்டி அப்படியே இருக்கும்." நான் எங்கே தயங்குவேன் என்பதுகூட உனக்குத் தெரிந்திருந்தது. புதுக் கணினியில் மடல்கள் வந்து நிறைந்தன. ஒப்புகை மடலும் வந்தது.

விசாரணையில் அம்மடலின் அச்சுத்தாளை அலுவலர் இருமுறை படித்தார். முறையீடு காலத்தில் வந்ததே என்று ஏற்றுக் குறித்தார். வெளியே காத்திருந்த சூசை, காது கேளாதவர் பேசும் உரத்த குரலில், "ஐயா, அந்தக் காயிதம் ஆரு எடுத்துக் குடுத்தா?" என்றார். ஒரு துண்டுத் தாளில் உன் பெயரை எழுதிக் காட்டினேன். "அவுகதான் செத்துட்டாவளே" என்றார்.

அடுத்த கூட்டத்தில் அதே திரேஸ்புர மேடையில் ஏறினேன். "ஒன்பது ஆண்டு உங்களிடம் சொன்னது பொய். பனி பெய்யும் நாட்டிலிருந்து எவனும் எழுதவில்லை. மில்லர்புரத்துக் கடைக்காரன் ஒருவன் எழுதினான். அவனை அறியாதவன் நான்" என்றேன். கைத்தட்டல் இல்லை. என் பேச்சு கைத்தட்டல் இல்லாமல் முடிந்தது அன்றுதான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். எழுதினால் அது இன்னொரு பொய். உன் மனைவி அந்த முகவரியின் கடவுச்சொல்லை என்னிடம் தந்திருக்கிறார். சங்கு குளிப்பவர் வீட்டுப் பெண்கள் கைப்பேசியில் வந்த மடலைக் காணவில்லை, படம் இணைக்க முடியவில்லை என்று, நான் தந்த அம்முகவரிக்கு எழுதுகிறார்கள். எனக்குத் தெரியாததைத் தேடிப் படித்துவிட்டு மறுமொழி எழுத அமர்கிறேன். பேருரைக்குப் பழகிய கை, முதல் வரியிலேயே முழங்கப் பார்க்கிறது. அதை அடக்கி உன் வரியை எழுதுகிறேன்: "முதலில், உங்கள் திரையில் இப்போது என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்."

அடியில் மட்டும் என் பெயரை எழுதுகிறேன். உன்னை மறுத்து நான் செய்வது அது ஒன்றுதான்.