அன்று உன் வீட்டில் நான் சொன்ன விளக்கம்

நேற்றைய மழையில் செராமிக் தொழிற்பேட்டை முழுக்க ஈரக் களிமண் வாசனை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் அது மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். வேலை முடிந்து வரும்போது உன் சட்டையில் இருந்த வாசனை. நீ இறந்துபோய் ஏழு மாதமாகிறது. உன்னிடம் நேரில் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

நாம் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நீ எட்டாவதோடு நின்று களிமண் அரைக்கும் வேலைக்குப் போனாய். நான் மேலே படித்து, கோயிலில் உபதேசியார் ஆனேன். புதன்கிழமைதோறும் தெருக் குடும்பங்கள் முறைவைத்து ஒரு வீட்டில் ஜெபத்துக்குக் கூடும். நான் விவிலியம் வாசித்து விளக்கம் சொல்வேன். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் உன் வீட்டு முறை. உன் மகளுக்கு மூன்று வயது. அவளுக்குக் காது கேட்காது என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிப் பத்து நாள்கூட ஆகவில்லை.

பெற்றோரின் பாவம் மூன்று நான்கு தலைமுறை பிள்ளைகளைத் தொடரும் என்கிற பகுதியை வாசித்தேன். அந்த வாரம் வாசிக்க வேண்டியது என்று கோயில் பட்டியலில் இருந்தது. உன் வீட்டு நிலைமை தெரிந்தவன், தாண்டிப் போயிருக்கலாம். உன் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப எம் பொண்ணுக்குக் காது கேக்காதது நாங்க செஞ்ச பாவத்தாலயாங்க?"

"எழுதியிருக்குது. மனுஷன் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்லக் கூடாது" என்றேன்.

நீதான் மெதுவாகப் பேசினாய். "பொறவியிலேயே கண்ணு தெரியாதவனப் பாத்து, யாரு செஞ்ச பாவம்னு சீடருங்க கேக்கறாங்க. இவனும் இல்ல, பெத்தவங்களும் இல்லன்னு ஆண்டவரே சொல்றாரு. ரெண்டும் அதே புஸ்தகத்துலதான இருக்குது. எங்க வூட்டுக்கு எதப் படிக்கறதுன்னு மனுஷன்தானடா யோசிக்கணும்?"

பதினைந்து பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மண்ணு அரைக்கற கையோட வேதத்துக்கு விளக்கம் சொல்ல வராத" என்றேன்.

நீ உன் கைகளை ஒருமுறை பார்த்தாய். "சரிங்க" என்றாய்.

அன்றிலிருந்து கடைசிவரை உன் வாயில் 'டா' வரவில்லை. ரயில்வே கேட்டில் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்கி, "நல்லாருக்கீங்களா" என்பாய். உபதேசியாருக்குத் தருகிற மரியாதை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீ சொன்னதுதான் சரி என்பது அன்று தெருமுனை தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில்கூட, கோபப்பட்டேன் என்று மட்டும்தான் சாமியாரிடம் சொன்னேன். யாரிடம், என்ன சொல்லி என்பதை விழுங்கிவிட்டேன். இருபது வருஷம் அப்படியே போயிற்று.

நீ போன மூன்றாம் மாதம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி நாற்காலி போட்டார். உன் மகள் டீ கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள். அன்று நான் பேசியது தப்பு என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

உன் மனைவி சொன்னார்: "நீங்க அந்தாண்ட போனதுமே அவரு சொன்னாரு, அவன் சொன்னது வேதம் இல்ல, அவன் கோவம்னு. எத்தினியோ தடவ சொன்னாரு. நான்தான் கேக்கல. நீங்க படிச்சவங்களாச்சே. இன்னொண்ணு பெத்தா அதுக்கும் அந்தப் பாவம் வரும்னு பயந்து, வேணாம்னுட்டேன். அவருக்கு இன்னொரு புள்ள வேணும்னு அவ்ளோ ஆச."

என்ன பதில் சொல்லப் போகிறேன் என்று உன் மகள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலை குனிந்துகொண்டேன்.

இப்போதும் புதன்கிழமை நான்தான் வாசிக்கிறேன். வாசிக்கும் முன்பு அந்த வீட்டில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். பிறகு, பிறக்காமலே போன உன் இரண்டாவது பிள்ளையை நினைத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம்தான் வாய் திறக்கிறேன்.