சாவியை மேசையில் வைத்தேன்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயந்துவிடாதீர்கள். மழை விட்ட மறுநாளே பெரிய டிராக்டரை வயலில் இறக்கச் சொன்னார் பண்ணை மேனேஜர். மாட்டேன் என்று சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டேன். ஈர மண்ணில் அந்தப் பாரம் ஏறினால் அடிமண் செங்கல்லாக இறுகிவிடும். அப்புறம் தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது. போன வருஷம் இப்படி ஓட்டிய பக்கத்து வயலில், டயர்த் தடத்தில் மட்டும் சோளம் இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை.

"மண்ணு என்ன உங்கப்பன் வீட்டுதா?" என்று கத்தினார்.

"எங்கப்பன் வீட்டுதா இருந்தா உங்களை உள்ளயே விட்டிருக்க மாட்டேன்" என்றேன்.

டிராக்டர் ஓட்ட வந்தவளுக்கு அன்றிலிருந்து மண்வெட்டி வேலை. கையில் கொஞ்சம் கொப்புளம், அவ்வளவுதான். சுற்றிக்கொள்ள உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

வேறு டிரைவர் கிடைக்கவில்லை போல, நேற்று அவரே கூப்பிட்டுச் சாவியை நீட்டினார். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"மண்ணு காயட்டும், வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

நீங்கள் வைத்த பெயரைக் காப்பாற்றும்,
உங்கள் பிடிவாதக்காரி